முதல் கேமராவாக ஒரு பழைய காம்பாக்ட்: வாங்கலாமா?

#1 இலைமறைவு

வணக்கம். கேமரா விஷயத்தில் நான் பூஜ்யம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்கு 12 வயது. எறும்பு, வெட்டுக்கிளி, மைனா என்று கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுக்க ஆசைப்படுகிறாள். ஃபோனைக் கொடுத்தால் பத்து நிமிஷம் படம் எடுப்பாள், மீதி நேரம் வேறு எங்கோ போய்விடுவாள் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். அலுவலக நண்பர் ஒருவரிடம் பழைய காம்பாக்ட் கேமரா சும்மா கிடக்கிறது. 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம், சிசிடி சென்சார், வீடியோ 720 வரைதான். குறைந்த விலைக்குத் தருகிறேன், இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல் என்றார். எதைப் பார்த்து முடிவு செய்வது? மெகாபிக்சல் 20 இருக்கிறதே, போதாதா?

#2 கழுகுக்கண்

ஒரே வரி: சிம் இல்லாத பழைய ஃபோன் ஒன்றைக் கொடுங்கள். இன்றைய சாதாரண ஃபோன்கூட அந்தக் கேமராவை இருட்டில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காசு மிச்சம்.

#3 பழையரோல்

கழுகுக்கண் எப்போதும் இப்படித்தான், நீங்கள் பயப்படாதீர்கள். இருட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் இருட்டில் எறும்பு எடுக்கப் போவதில்லையே.

மெகாபிக்சலுக்கு வருகிறேன். ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் புள்ளி. ஃபுல் எச்டி திரை முழுக்கப் படம் நிரம்ப 1920-க்கு 1080, அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். 4-க்கு 6 அங்குலம் பிரிண்ட் போட்டாலும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அதே 2 சொச்சம்தான். ஏ4 தாள் அளவுக்கு 9-க்குள் முடிந்துவிடும். 20 என்பது வெட்டிச் சிறிதாக்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி பிடித்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே அதிகம்தான்!

#4 கண்ணாடிவில்லை

மெகாபிக்சலை விடுங்கள், சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பதியும் சில்லு) அளவைப் பாருங்கள். இந்த வகைக் காம்பாக்ட்களில் கிட்டத்தட்ட எல்லாமே 1/2.3 அங்குலம். அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட்டால் மூலைக்கு மூலை 11 மி.மீ. வர வேண்டும், அளந்தால் 7.7 தான் வரும். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிச்சுற்றை வைத்துப் பெயரிட்ட பழக்கம் இன்னும் தொடர்கிறது. உண்மையில் 6.2-க்கு 4.6 மி.மீ., சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது. அதற்குள் 2 கோடி பிக்சல்! ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் கொஞ்சம்தான். அதனால்தான் வெயிலில் பளிச்சென்று எடுக்கும் அதே கேமரா வீட்டுக்குள் வந்ததும் மணல் தூவிய மாதிரி படம் தருகிறது.

1 அங்குல சென்சார் என்று விற்பது 13.2-க்கு 8.8 மி.மீ. பரப்பில் நாலு மடங்கு. சோனி 2012-ல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்100 அந்த வகைதான், செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். ஆனால் விலையும் அதற்கேற்ப ஏறும், ஜூமும் 100 மி.மீ. வரைதான் (இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்).

#5 இலைமறைவு

ஆர்எக்ஸ்100 பட்ஜெட்டைத் தாண்டிவிடும், அதுவும் 12 வயதுக் குழந்தை கையில் வேண்டாம். ஆனால் இன்னொரு சந்தேகம். இந்தப் பழையதற்கு ஆகும் அதே விலைக்கு ஆன்லைனில் புத்தம் புதிய கேமராவே வருகிறது. பெயர் தெரியாத பிராண்டு. 48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 மடங்கு ஜூம், இரண்டு பேட்டரி, பை, கார்டு எல்லாம் சேர்த்து. புதிது என்றால் வாரண்டியும் இருக்குமே?

#6 கண்ணாடிவில்லை

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

அந்த விளம்பரத்தில் 'டிஜிட்டல்' ஜூம் என்று எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. 16 மடங்கு என்றால் அகலத்தில் 16-ல் ஒரு பங்கு, உயரத்திலும் 16-ல் ஒரு பங்கு, ஆக மிஞ்சுவது 256-ல் ஒன்று. 48 மெகாபிக்சல் நிஜமாகவே இருந்தாலும் கடைசியில் 0.19 தான் கையில். சாசனின் பெட்டியை நோக்கித் திரும்பிப் போகிறோம்!

அந்த 48-ம் பல சமயம் நிஜமில்லை. சென்சார் கொடுக்கும் சிறிய படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கும், இடையில் இல்லாத பிக்சல்களை ஊகித்து இட்டு நிரப்பும். இட்டுக்கட்டுவது என்று தமிழில் சரியான சொல்லே இருக்கிறது. ஃபோகஸும் இந்த வகையில் பலவற்றில் நிலையானது. லென்ஸ் அசையாது, ஒரு மீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது சுமாராகத் தெரியும். எறும்பு தெரியவே தெரியாது.

கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி: கேமராவை ஆன் செய்து ஜூம் நெம்புகோலைத் தள்ளுங்கள். லென்ஸ் நிஜமாக முன்னும் பின்னும் நகர்ந்தால் ஆப்டிகல் ஜூம். லென்ஸ் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே நகரும் கேமராக்களும் உண்டு, அவற்றில் லென்ஸைச் சுற்றி மி.மீ. எண்கள் அச்சாகியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

#7 தூக்கணாங்குருவி

கண்ணாடிவில்லை சொன்னதை அனுபவித்தவன் நான். அப்படி ஒன்று வாங்கிப் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். பையன் ஒரு வாரத்தில் அதைத் தன் தங்கைக்குத் தானம் செய்துவிட்டான். இப்போது அவள் பொம்மைகள் அதில் படம் எடுத்துக்கொள்கின்றன.

புதிதுதான் வேண்டும் என்றால் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 அல்லது எஃப்இசட்55 பாருங்கள். கோடாக் பெயரை உரிமம் வாங்கி ஜேகே இமேஜிங் என்ற நிறுவனம் விற்கிறது. 16 மெகாபிக்சல், 45-ல் 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், 55-ல் 5 மடங்கு, வீடியோ 1080. 45-க்கு சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு போதும். குழந்தைக்கு அது பெரிய வசதி. சார்ஜர் தொலைந்தாலும் கேமரா சாகாது.

#8 வெள்ளிமணல்

சிசிடி என்றதும் ஓடி வந்தேன். தயங்காமல் வாங்குங்கள் நண்பரே! சிசிடி நிறமே தனி. தோல் நிறம், வானத்து நீலம், எல்லாம் பிலிம் மாதிரி இருக்கும். சிமாஸ் என்ற அடுத்த வகைச் சென்சார் வந்த பிறகு அந்த உயிர் போய்விட்டது.

#9 கண்ணாடிவில்லை

மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா.

சிசிடியும் சரி, சிமாஸும் சரி, வெளிச்சத்தை மின்னூட்டமாக மாற்றும் சிலிக்கான்தான். இரண்டுக்கும் நிறமே தெரியாது. நிறம் வருவது சென்சார் மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டியிலிருந்தும், அதற்குப் பின் ஜேபெக் படக்கோப்பு ஆக்கும்போது கேமரா செய்யும் சமையலிலிருந்தும். 2005 வாக்கில் வந்த கேமராக்களின் சமையல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சிசிடியின் நிஜமான குணம் வேறு: சூரியனோ தெருவிளக்கோ சட்டகத்துக்குள் வந்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கும், வீடியோவிலும் அது பதியும். தகவலை வெளியே தள்ளுவதிலும் மெதுவு. வீடியோ 720-லேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

#10 வெள்ளிமணல்

சமையல் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கை மணம் இப்போது இல்லை என்பதுதான் என் கட்சி. :)

#11 பழையரோல்

நிறச் சண்டை ஒரு பக்கம் ஓடட்டும். இலைமறைவு, இரண்டு வாரம் கையில் இருக்கிறதே, நான் பழைய கேமரா வாங்கும்போது பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் காது. அமைதியான அறையில் ஆன், ஆஃப், ஜூம் என்று பத்துப் பன்னிரண்டு தடவை செய்யுங்கள். நறநறவென்று சத்தம் வந்தாலோ, லென்ஸ் பாதியில் தயங்கி நின்றாலோ உள்ளே மணல் போயிருக்கிறது. இந்த வகைக் கேமரா பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். ரிப்பேர் செலவு கேமரா விலையைத் தாண்டும்.

அடுத்து, முழு ஜூமில் மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, படத்தைக் கணினியில் பாருங்கள். மங்கலான சாம்பல் புள்ளிகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் காற்றை இழுக்கும், தூசியும் கூடவே போகும். ஒன்றிரண்டு பரவாயில்லை.

செய்தித்தாளைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, நேர் எதிரே நின்று, நாலு மூலையும் நிரம்ப எடுங்கள். மூலைகள் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மென்மையாக இருப்பது சகஜம். மூன்று மூலை ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் குழம்பியிருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் கோணியிருக்கலாம்.

பேட்டரியை மேசை மேல் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பியிருக்கிறது, உபயோகிக்கவே வேண்டாம். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ரப்பர் பேண்டு போட்டு ஓட்டும் கேமராக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கார்டு எந்த வகை? எஸ்டி என்றால் பிரச்சினை இல்லை. எக்ஸ்டி, மெமரி ஸ்டிக் போன்றவை இனிக் கிடைப்பது கஷ்டம். ரொம்பப் பழைய கேமரா 2 ஜிபிக்கு மேல் இருக்கும் கார்டைப் படிக்காது, 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி என்ற வேறு வகை.

கடைசியாக ஒன்று. 24 படம்தான் என்று அவளுக்கு ஒரு வரம்பு போடுங்கள், பிலிம் காலத்து மாதிரி. ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்பாள்.

#12 கழுகுக்கண்

கடைசி வரி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. தப்பாக எடுக்கக் காசில்லை என்பதுதான் டிஜிட்டலின் மொத்த லாபமே. 400 எடுக்கட்டும், 390-ஐ அழிக்கட்டும். பிலிம் வரம்பு நம் அப்பா காலத்துப் பற்றாக்குறை, அதைக் குழந்தைக்கு ஒழுக்கமாகப் பாடம் நடத்த வேண்டாம்.

#13 இலைமறைவு

முதல் வார அறிக்கை. காதுச் சோதனை, வானச் சோதனை இரண்டும் தேறிவிட்டன. ஒரே ஒரு புள்ளி, அதுவும் ஓரத்தில். கார்டு சாதாரண எஸ்டி.

ஆனால் மைனா தோல்வி. வெயிலில், பத்து மீட்டர் தூரத்தில், முழு ஜூமில் எடுத்தாள். பறவை சின்னதாக, கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. மாலையில் வீட்டுக்குள் பாட்டியை அதே ஜூமில் எடுத்தாள். ஒரு படம்கூடத் தெளிவில்லை, பாட்டிக்கு இரண்டு மூக்கு. ஜூம் செய்யாமல் எடுத்தது மட்டும் நன்றாக வந்தது. கேமரா பழுதா?

#14 கண்ணாடிவில்லை

பழுதில்லை, கணக்கு. லென்ஸ் முனையில் எண்கள் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அலைவின்மை வசதி, ஐஎஸ் என்றோ விஆர் என்றோ எழுதியிருக்கிறதா?

#15 இலைமறைவு

1:3.2-6.9 என்று இருக்கிறது. ஐஎஸ், விஆர் எதுவும் இல்லை. பெட்டியில் 28-224 மி.மீ.-க்குச் சமம் என்று போட்டிருக்கிறது.

#16 கண்ணாடிவில்லை

அங்கேதான் விஷயம். 3.2 என்பது ஜூம் செய்யாதபோது லென்ஸ் திறப்பு, 6.9 முழு ஜூமில். எண் பெரிதானால் திறப்பு சிறிது. இரண்டையும் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 4.6 சொச்சம். அதாவது முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கைவிடக் குறைவு. மாலை விளக்கில், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 800-ல், ஜூம் இல்லாமல் 1/50 நொடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் முழு ஜூமில் கேமரா 1/10 நொடி திறந்து வைக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது, 224 மி.மீ.-க்கு 1/224 நொடியாவது வேண்டும் என்பது பழைய வாய்ப்பாடு. 1/10-ல் பாட்டிக்கு இரண்டோடு நின்றதே பெரிது.

லென்ஸோ சென்சாரோ நகர்ந்து கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஆப்டிகல் வசதி இருந்தால் இது பாதி தீரும். உங்களுடையதில் இல்லை. இதுதான் அதன் மிகப் பெரிய குறை, 720 வீடியோ அல்ல. கேனன் இக்ஸஸ் 285 எச்எஸ் என்ற மாடலில் அந்த வசதி உண்டு, 12 மடங்கு ஜூம், 1080 வீடியோ. 2016-ல் வந்தது. 2025-ல் அதையே சிறு மாற்றங்களோடு, எஸ்டிக்குப் பதில் மைக்ரோ எஸ்டி போட்டு, மறுபடி வெளியிட்டார்கள். இந்த வகைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மைனாவுக்கும் கணக்கு உண்டு. 224 மி.மீ.-ல் பத்து மீட்டர் தூரத்தில் சட்டகத்தின் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். மைனா கால் மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, ஆக படத்தில் ஆறில் ஒரு பங்குதான். பறவை எடுக்க இது கருவி அல்ல என்று அவளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். 8 மடங்கு என்றதும் பைனாகுலரை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஜூமின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள விகிதம்தான்.

#17 தூக்கணாங்குருவி

எறும்பைக் காட்டுங்கள் அதற்கு! இந்தச் சின்னச் சென்சாரின் பலமே அங்கேதான். பூ பொத்தானை (மேக்ரோ) அழுத்தி, ஜூம் துளியும் செய்யாமல், அப்படியே கிட்டே போகச் சொல்லுங்கள். பல காம்பாக்ட்கள் 1 முதல் 5 செ.மீ. வரை ஃபோகஸ் பிடிக்கும். ஜூம் செய்தால் அந்தக் கிட்டத் தூரம் மீட்டர் கணக்கில் விலகிவிடும். புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் கூர்மையாக விழும் ஆழமும் அதிகம். பெரிய கேமராவில் எறும்பின் கண் கூர்மையாக இருந்தால் கால் மங்கும், இதில் அந்தத் தொல்லை குறைவு. கேமராவின் நிழலே எறும்பு மேல் விழும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் அரை அழுத்தம். ஷட்டரைப் பாதி அழுத்தி, பச்சைப் பெட்டி வந்த பிறகு மீதியை அழுத்த வேண்டும். ஃபோன் பழக்கத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடுவதற்குள் வெட்டுக்கிளி அடுத்த செடிக்குப் போயிருக்கும்.

#18 வெள்ளிமணல்

ஃபிளாஷையும் திட்டாமல் பயன்படுத்துங்கள். காம்பாக்டில் இருப்பது செனான், மின்னல் மாதிரி 1/1000 நொடிக்கும் குறைவாக வெட்டும். ஃபோனில் இருப்பது எல்இடி, வெறும் டார்ச். ஓடுகிற குழந்தையை இருட்டு அறையில் உறைய வைப்பதில் அந்தப் பழைய கேமரா ஜெயிக்கும். மூன்று மீட்டருக்குள் மட்டும். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று மேடையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

#19 கழுகுக்கண்

செனான் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். இலைமறைவு, பேட்டரி எவ்வளவு தாங்குகிறது?

#20 இலைமறைவு

பெட்டியில் 210 படம் என்று இருந்தது. ஃபிளாஷ் இல்லாமல் வெயிலில் எடுத்ததால் 300-ஐத் தாண்டியது. ஆமாம், 24 வரம்பு முதல் நாளிலேயே காற்றில் போய்விட்டது. மன்னிக்கவும், பழையரோல்.

#21 பழையரோல்

மன்னித்தேன். பெட்டியில் போடும் எண் சிபா என்ற ஜப்பானிய அமைப்பின் சோதனை முறைப்படி வருவது. அதில் ஒன்று விட்டு ஒரு படம் ஃபிளாஷோடு எடுப்பார்கள். அதனால் வெயிலில் கூடுதலாக வருவது இயல்பு. ஒரு பேட்டரி கூடுதலாக வாங்கி வையுங்கள், மாடலுக்கு ஏற்றது இன்னும் கிடைக்கிறதா என்று கேமரா வாங்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

#22 இலைமறைவு

இரண்டாம் வாரம். தூக்கணாங்குருவிக்கு ஒரு சல்யூட். ஜூமைத் தொடாமல் மேக்ரோவில் கட்டெறும்பு எடுத்தாள், உணர்கொம்பில் இருக்கும் மடிப்பு தெரிகிறது. என் ஃபோனில் அதே எறும்பை எடுத்துப் பார்த்தேன், ஒரு கறுப்புப் பொட்டுதான். (கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்கவே இல்லை. என்னுடையது பழைய ஃபோன், கழுகுக்கண் கோபிக்க வேண்டாம்.)

பறவை ஆசையையும் அவள் விடவில்லை. கொக்கு எடுத்தாள், வெறும் வெள்ளைத் திட்டாக வந்தது. காக்கை எடுத்தாள், சாம்பல் காக்கை. இது ஏன்?

#23 கண்ணாடிவில்லை

கேமரா தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரிச் சாம்பல் என்று நினைத்து வெளிச்சத்தை அளக்கும். கறுப்பு நிறைந்தால் அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைத் தூக்கும். கொக்கு சின்னதாக, பின்னால் கரும்பச்சை நிறைய இருந்தால், பச்சைக்காகத் தூக்கிக் கொக்கை வெளிற வைக்கும். பி என்ற முறைக்குப் போனால் கூட்டல் கழித்தல் குறி ஒன்று இருக்கும். காக்கைக்குக் கழித்தல் ஒன்று, இந்த மாதிரிக் கொக்குக்கும் கழித்தல் ஒன்று. கொக்கே சட்டகம் நிறைய வந்தால் மட்டும் கூட்டல். முதல் கேமராவில் அவள் கற்றுக்கொள்ள வேண்டிய பொத்தான் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆட்டோவில் கிடக்கட்டும்.

#24 இலைமறைவு

வாங்கிவிட்டேன். நண்பரிடம் அலைவின்மை வசதி இல்லை, ஒரு புள்ளித் தூசி என்று சொல்லிக் கொஞ்சம் விலையும் குறைத்தேன். இதைச் சொல்லிக் கொடுத்ததற்கும் சேர்த்து நன்றி. கூடுதல் பேட்டரி சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை ஒரு அவசரம்: கார்டில் எழுத முடியவில்லை என்று திரையில் வருகிறது. நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. அவள் அழுகிற நிலையில் இருக்கிறாள், யாராவது சொல்லுங்கள்.

#25 பழையரோல்

கார்டை வெளியே எடுங்கள். இடது ஓரத்தில் நகத்தால் நகர்த்தும் குட்டித் துண்டு ஒன்று இருக்கும். கீழே இறங்கியிருந்தால் பூட்டு. மேலே தள்ளுங்கள்.

#26 இலைமறைவு

அதேதான். வெட்டுக்கிளியைத் தேடிப் போய்விட்டாள்.